கரையிலிருந்து எத்தனை மீட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கடல் மட்டம் உயர்வது பற்றியும் கடற்கரைக் கட்டுமான விதிகள் பற்றியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி மனை வாங்குவது பற்றித்தான், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மரக்காணம் பக்கம் இ.சி.ஆரை ஒட்டி ஒரு மனை பார்த்திருக்கிறோம். கடலிலிருந்து 90 மீட்டர். "முன்னாடிதான் சார் 200 மீட்டர், இப்போ 50 மீட்டர் ஆக்கிட்டாங்க, எல்லாம் க்ளியர்" என்கிறார் தரகர். வாங்கலாமா? (தாம்பரம்)

தரகர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்லியிருக்கிறார், அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் வேண்டாம் என்று. அது பத்து வருடம் கடிதமாகவே கிடந்தது. 1991 பிப்ரவரியில்தான் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. எல்லாரும் சி.ஆர்.இசட் என்று சொல்வது இதைத்தான். உயர் அலைக் கோடு என்று ஒன்று, அதாவது அமாவாசை பௌர்ணமிப் பெருக்கில் கடல் நீர் எட்டுகிற எல்லை. அங்கிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில், சில விலக்குகள் தவிர, புதிதாக எதுவும் கட்டக் கூடாது. 2011இல் அறிவிக்கையை மாற்றி எழுதினார்கள், அந்த 200 அப்படியே இருந்தது. 2019 ஜனவரியில் மறுபடி மாற்றினார்கள், அப்போதுதான் கிராமப்புறக் கரையை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதி என்றால் 50 மீட்டர், அதற்குக் கீழே என்றால் பழையபடி 200. (கடலுக்கு எப்படித் தெரியும் கரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று? அதை விடுங்கள்.)

அந்த 50 மீட்டருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 2019 விதிப்படி மாநிலத்தின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம், எளிதாகச் சொன்னால் அந்த வரைபடங்கள், முறைப்படி மக்கள் கருத்தைக் கேட்டுத் தயாராகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 200தான். ஆகவே தரகரிடம் கேட்க வேண்டியது "எத்தனை மீட்டர்" என்பதை அல்ல. இந்த சர்வே எண் எந்த வரைபடத்தில், எந்த வகையில் வருகிறது, உயர் அலைக் கோட்டை யார் குறித்தார்கள், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கொடுத்த அளவைப் படம் இருக்கிறதா, இதையெல்லாம் கேளுங்கள். 90 மீட்டர் என்பது அவர் டேப் பிடித்து அளந்ததா, கூகுள் வரைபடத்தில் விரலை வைத்து அளந்ததா என்பதும் முக்கியம். டி.டி.சி.பி அனுமதி இருக்கிறது, பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை என்று மூன்று காகிதத்தைக் காட்டுவார்கள். அவை மூன்றும் சரியாகவே இருக்கலாம், ஆனால் சி.ஆர்.இசட் அனுமதிக்கு அவை எதுவும் ஈடாகாது.

அப்புறம், மரக்காணம் என்றதால் அங்கே இருக்கும் கழுவேலிச் சதுப்பு நிலத்தையும் நினைவில் வையுங்கள். கடல் நீர் ஏறி இறங்கும் கழிகளுக்கும் ஓடைகளுக்கும் இதே அறிவிக்கையில் தனியாக விதி உண்டு. கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த ஓடையின் அகலம், எது குறைவோ அது என்று 2011 சொன்னது, 2019 அந்த 100ஐ 50 ஆக்கியது. முன்பக்கம் கடலை அளந்து காட்டுகிறவர்கள் பின்பக்கம் கழி கிடப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இவ்வளவும் விதி. இனி கடலுக்கு வருவோம். வீடு கட்டினால் ஐம்பது வருடமாவது நிற்க வேண்டும் என்றுதானே கட்டுவீர்கள்? வங்கிக் கடனே இருபது வருடம் ஓடும். உயர் அலைக் கோடு என்பது இன்றைக்குக் கடல் எங்கே இருக்கிறது என்று சொல்வது. இனி வரும் காலத்தில் எங்கே வரை வரும் என்று சொல்ல இன்னொரு கோடு இருக்கிறது, அபாயக் கோடு. கரை நகரும் வேகம், அலையும் வெள்ளமும் எட்டும் தூரம், கடல் மட்ட உயர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது. யாரோ ஆர்வலர்கள் போட்டது என்று நினைக்காதீர்கள், அரசே இந்திய நில அளவைத் துறையை வைத்துப் போட்டது. 2011 அறிவிக்கை அதைச் சேர்க்கச் சொன்னது. 2019 அறிவிக்கை, அது பேரிடர் மேலாண்மைக்கும் தகவமைப்புத் திட்டங்களுக்கும் பயன்படட்டும், சி.ஆர்.இசட் எல்லையைத் தீர்மானிக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. எல்லாரும் 50 மீட்டரைப் பற்றியே சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒதுக்கல்தான் அதைவிடப் பெரிய தவறு. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும், ஆனால் அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்டதற்கு நேரான பதில்: வாங்காதீர்கள். கரையோரம்தான் வேண்டும் என்றால் ரோட்டுக்கு மேற்கே, மேடான இடமாகப் பாருங்கள்.

வருடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் உயர்வுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் சின்ன வயதில் பார்த்ததைவிட மெரினா இப்போது அகலமாக இருக்கிறது. கடல் பின்னால்தானே போயிருக்கிறது? (மயிலாப்பூர்)

மெரினா அகலமானது உண்மை. அதற்குக் காரணம் துறைமுகம். நம் கிழக்குக் கரையில் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே போகும், வாடைக் காலத்தில் தெற்கே வரும், வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்சுவர் போட்டதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கம் தேங்கிவிட்டது. நீங்கள் சுண்டல் சாப்பிடும் இடம் அந்த மணல்தான். அங்கே சேர்ந்த மணல் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்துக் கரைக்கு வரவேண்டியது. வடசென்னையில் கடலரிப்பு ஏன் தலைமுறை தலைமுறையாக ஓயவில்லை என்பதற்குப் பாதிப் பதில் மெரினாவில் கிடக்கிறது. கடல் பின்னால் போகவில்லை, ஒரு ஊரின் கரை இன்னொரு ஊருக்கு மாறியிருக்கிறது.

மில்லிமீட்டருக்கு வருகிறேன். ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு வேகம் கூடி வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். இந்த நூற்றாண்டின் முடிவில், புகையை நன்றாகக் குறைத்தால் ஏறத்தாழ 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் ஒரு மீட்டர் வரை. ஒரு மீட்டர் என்பது இடுப்பளவுதானே என்று தோன்றும். ஆனால் சென்னையில் அமாவாசை ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டருக்குப் பழகித்தான் நம் முகத்துவாரங்களும் மழைநீர் வடிகால்களும் கட்டப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று, உயர்வு செங்குத்தாக வந்தாலும் இழப்பு கிடைமட்டத்தில் வரும். மணற்கரையில் கடல் ஒரு பங்கு உயர்ந்தால் கரை 50 முதல் 100 பங்கு வரை உள்ளே வரலாம் என்று பெர் ப்ரூன் என்கிற டேனிஷ் பொறியாளர் கணக்குச் சொன்னார். எல்லாக் கரைக்கும் இது பொருந்தாது என்று அதைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். மணல் வரத்து, கரையின் சரிவு எல்லாம் பார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். இருந்தாலும் தோராயமாகப் புரிந்துகொள்ள உதவும்: 3.7 மில்லிமீட்டர் என்பது கரையில் 18 முதல் 37 சென்டிமீட்டர் வரை. முப்பது வருடத்தில் ஆறு முதல் பதினோரு மீட்டர்.

புயல் வரும்போது இது எல்லாம் சேர்ந்துகொள்ளும். கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அதே புயலின் அலை இன்னும் உள்ளே வரும், அடையாறும் கூவமும் வடிய இன்னும் நேரமாகும். பெங்களூருவின் சிஸ்டெப் ஆய்வு நிறுவனம் 2024இல் போட்ட கணக்கில் 2040க்குள் சென்னை நிலத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை, தூத்துக்குடியில் 10 சதவீதத்துக்கும் மேல் மூழ்கும் வாய்ப்பு என்று வருகிறது. மாதிரிக் கணக்குதான், கூடலாம் குறையலாம். ஆனால் நகரத் திட்டம் போடுகிறவர் அதைப் படிக்காமல் இருக்க முடியாது.

எங்கள் ஊரில் வருடா வருடம் கடல் உள்ளே வருகிறது. இரண்டு தெரு போய்விட்டது. கடலுக்குள் கல் கொட்டிப் போடுகிற தூண்டில் வளைவு கேட்டுப் போராடுகிறோம். சுற்றுச்சூழல்காரர்கள் வந்து கல் போடாதே என்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் கடல் வந்தால் இப்படிப் பேசுவார்களா? (விழுப்புரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம்)

கோபம் நியாயம் அம்மா. உங்கள் ஊர் மாதிரி ஊர்களில் நான் பார்த்தது: மணல் போன பிறகு தெருவில் இருந்த உறைக்கிணறு மட்டும் அலைக்கு நடுவே சிமெண்ட் உறைகளோடு தனியாக நிற்கும், அதன் விளிம்பில் யாராவது வலைக்கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்களிடம் போய் இயற்கையோடு ஒத்து வாழுங்கள் என்று பேசுவது எளிதில்லை.

ஆனால் உங்கள் ஊருக்குக் கடல் ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் போட்டார்கள். மெரினாவில் நடந்ததே அங்கேயும் நடந்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து மீனவர் குப்பங்களுக்கு வந்தது. அங்கே கல் போட்டதும் அதற்கும் வடக்கே, எல்லையைத் தாண்டி, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்குக் கல் கேட்டது, கேட்டதில் தப்பில்லை. உங்களுக்குப் போடும் தூண்டில் வளைவு உங்கள் மணலைப் பிடித்துவைக்கும், பக்கத்து ஊருக்குப் போக வேண்டியதையும் சேர்த்து. உங்கள் வடக்கே இருக்கும் ஊர் அடுத்த வருடம் ரோட்டை மறிக்கும். தெற்கே இருந்து வந்த பிரச்சினையைத்தான் நீங்கள் வடக்கே அனுப்பப்போகிறீர்கள்.

கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. அவ்வளவு கரைக்கும் கல் போட மலை பத்தாது.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் செலவும் பொறுமையும் வேண்டும். புதுச்சேரியிலேயே தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் எஃகில் செய்த ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றைத் தண்ணீருக்கு அடியில் வைத்து, மணலும் கொட்டியது. பல வருடமாக வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் மணல் திரும்பியது, இப்போது ஜனங்கள் அங்கே கால் நனைக்கிறார்கள். துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலைப் பம்ப் வைத்து வடக்கே தள்ளுவது இன்னொரு வழி. அதை ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிட்டால் பயன் இல்லை, துறைமுகம் இருக்கும் வரை செய்ய வேண்டும். மணலைத் தடுத்தவர்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று துறைமுக அனுமதியிலேயே எழுதிவிட்டால் பாதி வழக்கு தீரும்.

உங்கள் போராட்டத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். "எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு" என்பதோடு, "துறைமுகத்திலிருந்து கடைசிப் பாதித்த ஊர் வரைக்கும் ஒரே திட்டம்" என்றும் கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி என்று இரண்டு அரசுகள் சம்பந்தப்பட்டிருப்பதால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள் என்பது தெரிந்ததே. அதற்காகவாவது சேர்ந்து போக வேண்டும்.

கடல் உயரும் என்று தெரிகிறது. சுனாமியும் பார்த்தாயிற்று. அப்படியும் மீனவர்கள் கரையை விட்டுப் போகமாட்டேன் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள்? அரசு வீடு கொடுத்தால் போகலாமே? (கோயம்புத்தூர்)

தம்பி, உங்கள் அலுவலகத்தை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கச் சொன்னால் பஸ் பிடித்துப் போவீர்கள். மீனவருக்குக் கரை வெறும் வீடு இருக்கும் இடம் மட்டுமல்ல. விடிகாலையில் கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்துத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். படகை இழுத்து வைக்க மணல் வேண்டும், புயல் என்றால் இன்னும் உள்ளே ஏற்ற இடம் வேண்டும். வலை பரப்பவும் கருவாடு காயவைக்கவும் ஏலம் போடவும் வேண்டும். மீன் வாங்கி விற்கும் பெண்களுக்குப் படகு வரும் நேரம் தெரிய வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் என்ஜினையும் வலையையும் தினமும் யார் தூக்கிக்கொண்டு போவது? கரையில் விட்டுவந்தால் காலையில் இருக்குமா?

இன்னொரு காரணம் நம்பிக்கையின்மை. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில், தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தால் அதற்கு அப்பால் புது வீடு தருகிறோம், போக விருப்பம் என்றால் பழைய இடத்தை அரசிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போக மாட்டேன் என்றால் இருங்கள், ஆனால் அந்த இடத்தில் வீட்டுக்கு அரசு உதவி கிடையாது. காகிதத்தில் விருப்பத் தேர்வுதான். வீடு இடிந்து கூடாரத்தில் இருக்கிறவருக்கு அது எந்த மாதிரித் தேர்வு என்று யோசித்துப் பாருங்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பிப் பார்க்கும்போது அதே கரையில் கொஞ்சம் தள்ளி ரிசார்ட் நீச்சல் குளம் தெரிந்தால், "கடல் வருது, நகரு" என்று சொல்கிறவரை அடுத்த தடவை நம்புவாரா? 2019 அறிவிக்கையோ கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள்ளேயே, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு, சுற்றுலாவுக்குத் தற்காலிகக் குடில்கள் போடலாம் என்று அனுமதிக்கிறது.

கேரளா செய்வதைப் பாருங்கள். புனர்கேகம் என்று ஒரு திட்டம். உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் 18,685 குடும்பங்களைக் கணக்கெடுத்து, தள்ளிப் போகிறவர்களுக்கு நிலம் வாங்கவும் வீடு கட்டவும் 10 லட்சம் ரூபாய். விட்டுப்போகும் இடத்தில் மரம் வைத்து அரண் ஆக்குவார்கள் என்பது திட்டம். நோக்கம் நல்லது. ஆனால் கேரளக் கடலோரத்தில் 10 லட்சத்துக்கு நிலமும் வாங்கி வீடும் கட்டுவது எப்படி? கரைக்குப் பக்கத்தில் கிடைக்காது, தூரப் போக வேண்டும், தூரப் போனால் தொழில் போகும். ஒடிசாவின் சதபாயாவில் கிராமங்களையே கடல் தின்றுவிட்டது, 571 குடும்பங்களை பாகபட்டியா என்ற இடத்தில் குடியேற்றினார்கள். வீட்டுமனை கிடைத்தது, வேலைக்கு வழி கிடைக்கவில்லை என்பதுதான் அங்கே பெரிய குறை.

ஒரு சில ஊர்கள் நகர்ந்தே ஆக வேண்டிவரும், அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் போகிறவர் பெயரிலேயே பழைய கரை ஊர்ப் பொதுவாக இருக்க வேண்டும், படகுக்கும் வலைக்கும் ஏலத்துக்கும் இடம் விட வேண்டும், அங்கே வேறு யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று பட்டாவிலேயே எழுத வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தால் பிடிவாதம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம்.

நெதர்லாந்து மாதிரி நாமும் பெரிய அணை கட்டிவிட்டால் என்ன? (திருச்சி, கல்லூரி மாணவர்)

நெதர்லாந்தே இப்போது சுவரை மட்டும் நம்புவதில்லை. 2011இல் ஹேக் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கரையோரம் ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றும் அதைக் கரை முழுக்கப் பரப்பட்டும் என்று விட்டார்கள். ஆறுகளுக்கும் வெள்ளத்தில் பரவ இடம் விட்டுக் கரைகளைத் தள்ளி வைத்தார்கள். நாம் அவர்களிடமிருந்து சுவரை மட்டும் காப்பியடிக்க நினைக்கிறோம்.

நாங்கள் தலைஞாயிறு பக்கம். மழை பொய்த்த வருடத்தில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது, போர் தண்ணீர் உப்பு. இதையும் சி.ஆர்.இசட்டில் பேசுவார்களா, விவசாயத் துறையில் பேசுவார்களா? (நாகப்பட்டினம் மாவட்டம்)

சரியான கேள்வி, ஏனென்றால் யாருமே முழுதாகப் பேசுவதில்லை. கடலை 500 மீட்டரில் நிறுத்திப் பார்க்கிற அறிவிக்கைக்கு, நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரும் உப்பு தெரியாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் போர் போட்டு இஷ்டத்துக்கு உறிஞ்சியதில் கடல் நீர் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. அங்கே கடல் மட்டம் உயர வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, நிலத்தடி நீர் மட்டம் தாழ்ந்ததே போதும். டெல்டாவின் கடைமடையில் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. மேலே அணைகளில் வண்டல் தங்கிவிடுவதால் கடைமடைக்குப் புது மண் வருவதும் குறைந்துவிட்டது.

உங்கள் பகுதியில் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்றவற்றின் கரைகளை உயர்த்துவது, கடைமடையில் நீரொழுங்கிகளை, அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் கதவுகளை, புதுப்பிப்பது என்று. பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைப்பு என்ற பெயரிலேயே போட்ட திட்டம் அது. கதவு இருந்தால் கடல் நீர் ஏறாது, சரி. ஆனால் கடல் மட்டம் உயர உயர, வெள்ளக் காலத்தில் அந்தக் கதவு வழியாகவே தண்ணீர் வடியாமல் நிற்கும் நேரம் கூடும். அந்தக் கணக்கையும் போட்டார்களா என்று நீர்வளத் துறையில் கேளுங்கள்.

இறால் பண்ணை பற்றியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில், சி.ஆர்.இசட்டுக்குள் வணிக இறால் குட்டைகள் கூடாது என்று சொன்னது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்குப் பதிவு முறை கொண்டுவந்தது, 2023 திருத்தம் இன்னும் தளர்த்தியது. உங்கள் வயலுக்குப் பக்கத்துக் குட்டைக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செல்போனில் "கள்ளக்கடல்" எச்சரிக்கை வருகிறது. இதுவும் கடல் மட்ட உயர்வா? (நாகர்கோவில்)

இல்லை. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றால் கிளம்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறுவது. சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே சொல்கிறது, அதை நம்புங்கள். கடல் மட்டம் உயர்ந்தால் இதே கள்ளக்கடல் இன்னும் ஒரு தெரு உள்ளே வரும், சம்பந்தம் அவ்வளவுதான்.

கடற்கரையில் சவுக்கு நட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா? (காரைக்கால்)

சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகுக்கும் ஆகும். மணலைப் பிடிக்கிற வேலையை அலைக்கு முன்னால் செய்வது அடும்புக் கொடியும் ராவணன் மீசையும்தான். அவை இருக்கும் இடத்தில் மணல்மேடு தானாக வளரும். அந்த மேட்டை மட்டப்படுத்திவிட்டு வரிசையாகச் சவுக்கு வைத்தால் ஒரு நல்ல அரணை எடுத்துவிட்டு சுமாரான ஒன்றை வைத்ததாக ஆகும். பிச்சாவரம் மாதிரி கழிமுகங்களில் அலையாத்தி, திறந்த மணற்கரையில் மணல்மேடு, அதற்குப் பின்னால் வேண்டுமானால் பனையும் சவுக்கும். 2023 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கத்துக்கு 2,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் எவ்வளவு மணல்மேட்டுக்குப் போகிறது என்று பார்க்க ஆசைதான்.

சி.ஆர்.இசட் வரைபடத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று வைக்கிறார்கள். போனால் என்ன பேசுவது? நமக்குப் புரியாத ஆங்கிலப் படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். (ராமநாதபுரம்)

2023 ஆகஸ்டில் இந்தக் கூட்டங்கள் நடந்தபோது பல மாவட்டங்களில் மீனவர்கள் எதிர்த்தார்கள். வரைவில் மீனவர் குடியிருப்பும் படகுத் துறையும் வலை காயும் இடமும் முழுதாகக் குறிக்கப்படவில்லை, நீண்டகால வீட்டுத் திட்டம் இல்லை, இதை வைத்து எப்படிக் கருத்துச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. ஞாயமான கேள்வி. படத்தில் இல்லாத இடத்தை நாளைக்குக் காலி இடம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

போகும்போது உங்கள் ஊரின் கையால் வரைந்த படம் ஒன்றை எடுத்துப்போங்கள். எங்கே படகு ஏற்றுகிறீர்கள், எங்கே கருவாடு காய்கிறது, புயலில் எது வரை தண்ணீர் வந்தது, கழி எந்த மாதம் திறக்கிறது, இருபது வருடம் முன்னால் கரை எங்கே இருந்தது. வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு சாயங்காலத்தில் போட்டுவிடலாம். உங்கள் ஊர்ப்படத்தில் புயல் தண்ணீர் வந்த எல்லையையும் அரசு வரைபடத்தில் இருக்கும் அபாயக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அபாயக் கோட்டைக் காட்டவே இல்லை என்றால் முதல் ஆட்சேபம் அதுதான்: அந்தக் கோட்டைத் தமிழில், சர்வே எண்ணோடு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, அபாயக் கோட்டுக்குக் கடல் பக்கம் இனிமேல் பெரிய கட்டுமானத்துக்கு, ரிசார்ட்டோ தொழிற்சாலையோ அரசுக் கட்டடமோ, அனுமதி கூடாது என்று எழுதுங்கள். அறிவிக்கை அதைக் கட்டாயமாக்கவில்லைதான், ஆனால் மாநிலம் தன் நகரமைப்பு விதிகளில் அதைச் சேர்த்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 2005லேயே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது, ஒவ்வொரு கரையின் பாதிப்பு எவ்வளவோ அதற்கேற்பக் கோடு போடுங்கள் என்று. எல்லாக் கரைக்கும் ஒரே 50 அல்லது ஒரே 200 என்பது அதிகாரிக்கு வசதி, கரைக்குப் பொருந்தாது. மூன்றாவது, அந்தக் கோட்டைப் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும் என்று கேளுங்கள், இல்லையென்றால் இன்று போட்ட கோடும் பழசாகிவிடும்.

மீனவர் வீட்டைப் பற்றித் தனியாக எழுதுங்கள், மற்ற ஆட்சேபங்களோடு கலக்காதீர்கள். அங்கே பேசுவது ஒலிபெருக்கி அணைந்ததும் போய்விடும், கூட்டக் குறிப்பில் நீங்கள் சொன்னது ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் மனுவாகத் தமிழில் எழுதி, ஊர் மக்கள் கையெழுத்தோடு, ஊர்ப்படத்தையும் இணைத்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.